சாவிக்காரரின் கலங்காத வயிறு

வேளைக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தூக்கம். உலகத்தில் மதிக்கத் தகுந்தவை என்று சாவிக்காரர் ஒப்புக்கொண்டது இந்த இரண்டைத்தான். மற்றதெல்லாம் அவருக்குத் தூசு. விண்வெளிக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மருத்துவ ஆய்வுக் கட்டடத்தில், வாசலுக்கு நேரே போட்ட மேஜையில் உட்கார்ந்து சாவி கொடுத்து வாங்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி. முதுகுக்குப் பின்னால் பலகை நிறையக் கொக்கிகள், இருநூற்றுப் பதினான்கு. முன்னால் தடிமனான ஒரு நோட்டு. சாவியை எடுக்கிறவர் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு கையெழுத்து. இவ்வளவுதான் சட்டம். இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத கூட்டம் ஒன்று ஐந்து மாடியிலும் உட்கார்ந்து பெரிய பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

“ஆகாயத்துக்கு ஆளை ஏத்தி இறக்கத் தெரியுது. மூணாவது மாடிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடறான். கேட்டா மறதியாம்,” என்று மனைவியிடம் சொல்வார். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் புலம்பினாலும் “உம்” கொட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் பழகியிருந்தாள்.

வரவேற்புக் கூடத்துச் சுவரில் விண்வெளிக்குப் போய்வந்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பார்வையாளர்கள் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாவிக்காரருக்கு அதைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும். “அங்க போய் என்ன பண்ணாங்க? மிதந்தாங்க. தண்ணித் தொட்டியில செத்த கரப்பான்கூடத்தான் மிதக்குது.”

இந்த அலட்சியம் அவருடைய பிறவிக் குணம். வேலைக்கான நேர்முகத் தேர்விலேயே கொட்டாவி விட்டவர் அவர். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையை எழுப்ப மூன்று பேர் போக வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் கிடங்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்தபோது, “அதுக்கு இன்னும் நாலு பேர் மூஞ்சியைப் பார்க்கணும்” என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். அதைக் கேட்டு அவர் மனைவியின் அண்ணன் ஒரு வாரம் துக்கம் கொண்டாடினான்.

இந்த மச்சான் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளைத் தலைவன். “மாப்பிள்ளை, வாழ்க்கையில ஒரு வெறி வேணும்” என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. அந்த வெறியின் பலனாக அவனுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று மூன்று வேளையும் மாத்திரை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதலில் மாத்திரை டப்பாவைத் திறப்பான். சாவிக்காரர் அதையும் அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தட்டில் இருப்பதை நிதானமாக மென்று விழுங்குவார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல மச்சானால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

இப்படி எதற்கும் அசையாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு சுற்றறிக்கையால் தடம் மாறியது. நாலாவது மாடியில் இருந்த ஒரு டாக்டரம்மா, விண்வெளிப் பயணிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். போவதற்கு முன்னால் எப்படி, அங்கே இருக்கும்போது எப்படி, திரும்பிய பிறகு எப்படி என்று கணக்கெடுப்பு. ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியை விட்டு எங்கும் போகாத நாற்பது பேர் வேண்டுமாம். மாதம் ஒரு முறை ஒரு சிறு டப்பாவில் மலச் சாம்பிள் கொடுத்தால் அன்றைக்கு அரை நாள் விடுமுறை. சாவிக்காரர் பெயர் கொடுத்தது அந்த அரை நாளுக்காக. சாவியைக் கொடுக்கும் அதே முகத்தோடு டப்பாவையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார்.

ஆறாவது மாதம் டாக்டரம்மா மேஜைக்கே இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், வேகமாகப் பேசுகிறவர், அந்தக் கட்டடத்திலேயே சாவியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிற ஒரே ஆள். அதனால் சாவிக்காரர் அவரை மட்டும் பாதி மனதாக மதித்தார்.

“அண்ணா, உங்களுக்கு என்ன கவலை இருக்கு?”

“எனக்கா? எதுக்கு?”

“அதான் கேக்கறேன். நாப்பது பேர்ல உங்க குடல் மாதிரி இன்னொண்ணு இல்ல. எத்தனை வகை இருக்கணுமோ அத்தனையும் இருக்கு, அதது அளவோட இருக்கு. ஆறு மாசமா ஒரு மாத்தமும் இல்ல. எங்க டைரக்டரோடதைப் பார்த்தா அழுகை வருது.”

டைரக்டரின் குடல் மட்டம் என்ற செய்தி சாவிக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று இரவு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பதினொரு மாதம் மேலே இருந்துவிட்டு ஒரு விண்கலத்தின் விமானி திரும்பிவந்தார். நாற்பத்தொரு வயதுப் பெண்மணி. இறங்கிய அன்று கையசைத்தார், சிரித்தார், செய்தியில் வந்தார். மூன்றாம் நாள் பேதி பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்தால் நிற்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகி, இரண்டாவது மாடியில் இருந்த தனி அறையில் படுத்தபடுக்கை.

“சொன்னாப் புரியுமான்னு தெரியல,” என்று மறுபடி சாவி மேஜைக்கு இறங்கி வந்த டாக்டரம்மா ஆரம்பித்தார்.

“புரியலைன்னா கேக்கறேன், சொல்லுங்க.”

“மூளையும் குடலும் ஓயாம பேசிக்கிட்டே இருக்கும் அண்ணா. மனசு நெருக்கடியில இருந்தா குடல் அசையற விதம் மாறும், சுரக்கறது மாறும். குடல் சுவரைக் காப்பாத்தற நல்ல பாக்டீரியாவுக்கு அது ஒத்துக்காது, செத்துப்போகும். கெட்டது அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். அங்க ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும். தூக்கம் கிடையாது. பொட்டலச் சாப்பாடு. இதுல நடுவுல காதுல தொற்று வந்து ஆன்ட்டிபயாட்டிக் வேற கொடுத்திருக்காங்க. மிச்சம் மீதி இருந்ததும் போச்சு.”

“போறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிருப்பீங்களே.”

டாக்டரம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “வெச்சிருந்தோம். அதைத் திருப்பி உள்ள விடலாம்னுதான் திட்டம். எடுத்த அன்னிக்கு எண்ணி வெச்ச கணக்கைப் பார்த்தா அதுலயே பாதி இல்ல. ஏறறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவங்க பயந்துபோய் இருந்திருக்காங்க. ஆனா படிவத்துல மன அழுத்தம் பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா, வாராவாரம் பூஜ்யம்னு எழுதியிருக்காங்க.”

ஆகவே வேறொருவருடைய நல்ல பாக்டீரியா வேண்டும். சாவிக்காரர் கொடுப்பதை அன்றைக்கே சுத்தம் செய்து வடிகட்டி, முப்பது மாத்திரைக் கூடுகளில் அடைத்து, விமானியை விழுங்கச் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணை. உறைய வைத்தால் பாதி செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா கறாராக இருந்தார். மூன்று தவணையும் முடியும்வரை சாவிக்காரர் ஆன்ட்டிபயாட்டிக் எதையும் தொடக் கூடாது. தொட்டால் அவர் வயிற்றில் உள்ள நல்லதெல்லாம் செத்து, கெட்டதுதான் விமானியின் வயிற்றுக்குள் போகும். இருக்கிற நிலைமையில் அது அந்த அம்மாளைக் கொன்றேவிடலாம்.

சாவிக்காரர் சிரித்தார். வருடத்துக்கு ஒரு முறை வருகிற சிரிப்பு அது. சுவரில் படமாகத் தொங்குகிற ஒருத்தி தன்னிடமிருந்து எதை வாங்கி விழுங்கப்போகிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. சரி என்றார்.

முதல் தவணை முடிந்த நாலாம் நாள், விமானி அவரைப் பார்க்க ஆசைப்படுவதாக டாக்டரம்மா கூப்பிட்டார். இரண்டாவது மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சொட்டு மருந்துக் கம்பி, பாதி திறந்த ஜன்னல். கட்டிலில் கிடந்தவர் படத்தில் இருந்த ஆள் மாதிரியே இல்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“வாங்க அண்ணா. நேத்து ரெண்டு தடவைதான் போனேன். முந்தின வாரம் பதினாலு. நன்றி சொல்லணும்னுதான்...”

வேறு யாராக இருந்தாலும் “பரவாயில்லீங்க” என்று சொல்லியிருப்பார்கள். சாவிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு பயிற்சி எடுத்துட்டுப் போறீங்க. ஒரு வயித்தைக் காப்பாத்திக்கத் தெரியலையா?”

டாக்டரம்மா “அண்ணா” என்று தடுக்கப் பார்த்தார். விமானி கையைக் காட்டி விடச் சொன்னார்.

“நியாயமான கேள்விதான். ஏறும்போது பயம்னு எல்லாரும் நினைக்கறாங்க. அது கொஞ்ச நாள். அப்புறம் என்னைக் கொன்னது வேற. கூட இருந்தவன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. பதினொரு மாசம். வெளிய போகக் கதவு கிடையாது. அவன் அடுத்து எப்ப உறிஞ்சுவான்னு காத்துக்கிட்டே படுத்திருப்பேன்.”

“அப்ப அதை எழுதியிருக்கலாமே. பூஜ்யம்னு ஏன் எழுதினீங்க?”

“எழுதினா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்க.”

“அப்ப இது உங்களுக்கு வேணும்,” என்றார் சாவிக்காரர். “பொய் சொன்னவங்களுக்கு வயித்தால போகட்டும்னு விட்டுட்டு நான் பேசாம என் வேலையைப் பார்த்திருக்கலாம்.”

விமானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சாவிக்காரரின் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். படி இறங்கும்போது அவருக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. யாரும் சொல்லத் துணியாததைச் சொல்லிவிட்ட திருப்தியோடு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

ஆனால் மனிதனுக்குப் பெருமை வந்து ஒட்டிக்கொள்வது எப்போது என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் டாக்டரம்மா எதிரே வந்தபோது, “அந்த அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் நாள் டாக்டரம்மா வர நேரமானபோது லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த லிஃப்டை அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

வீட்டிலும் நிலைமை மாறியது. டாக்டரம்மா கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை மனைவி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். எந்தக் கீரை, எத்தனை பழம், எத்தனை மணிக்குத் தூக்கம், எந்த மருந்தைத் தொடக் கூடாது என்று எல்லாம் அதில் இருந்தது. மச்சான் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, “எங்க மாப்பிள்ளை. விண்வெளி மருத்துவத்துல ரொம்ப முக்கியமான பங்கு” என்று அறிமுகம் செய்துவைத்தான். என்ன பங்கு என்பதை மட்டும் மென்று முழுங்கினான். பழைய சாவிக்காரராக இருந்தால் அதை உடைத்துச் சொல்லி மச்சானின் முகத்தில் அசடு வழிய வைத்திருப்பார். இந்தப் புது ஆசாமி சும்மா இருந்ததோடு, சட்டைக் காலரை வேறு சரிசெய்துகொண்டார்.

அதுவரை ஒன்பது மணிக்குத் தானாக மூடிய கண், இப்போது தூங்க வேண்டும் என்று பட்டியலில் எழுதியிருந்ததாலேயே மூட மறுத்தது. இன்றைக்குத் தூக்கம் கெட்டால் உள்ளே என்ன சாகும், எது பெருகும் என்று யோசித்துக்கொண்டு கிடந்தார். காலையில் மனைவி, “என்னங்க, ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிக்கறீங்க. எங்க பல் டாக்டர் கேட்டா சந்தோஷப்படுவாரு” என்றாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது தவணை ஒரு நாள் தள்ளிப்போனது. எந்த மனிதருக்கு வாழ்நாள் பூராவும் காலை ஆறரைக்கு மணி அடித்தாற்போல் ஆகுமோ, அவர் அன்றைக்குக் கழிவறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறும் டப்பாவோடு வெளியே வந்தார். மறுநாள் எப்படியோ ஒப்பேற்றினார். தவணை கொடுத்து இரண்டு நாள் கழித்தே வருகிற பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, இரண்டு வகை கொஞ்சம் குறைந்திருப்பதாகவும், இருந்தாலும் இது போதும் என்றும் சொன்னார்.

“ஏதாவது கவலையா அண்ணா?”

“கவலையா? எனக்கா?” என்று உதட்டைப் பிதுக்கினார் சாவிக்காரர். படிவத்தில் மன அழுத்தம் பத்துக்கு எவ்வளவு என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது கை நடுங்கவில்லை. தன்னைத்தானே ஏமாற்றுகிறவனுக்குக் கை நடுங்காது.

மூன்றாவது தவணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கடித்துக் கடித்துத் தேய்ந்த கடைவாய்ப் பல் ஒன்று பழுத்தது. கன்னம் வீங்கிக் காதுவரை விண்விண் என்று தெறித்தது. பல் மருத்துவமனைக்கு வரச் சொல்லி மனைவி கூப்பிட்டாள். போனால் சீழுக்கு மருந்து எழுதுவார்கள், மருந்தென்றால் ஆன்ட்டிபயாட்டிக், பட்டியல் குளிர்பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறது, மனைவி டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவாள். வேறு ஆளைத் தேடுவார்கள். அந்த வேறு ஆள் என்ற நினைப்பைத்தான் சாவிக்காரரால் தாங்க முடியவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த மருந்துக் கடைக்குப் போனார். சீட்டு இல்லாமலே கடைக்காரன் ஆறு மாத்திரையை வெட்டிக் கொடுத்தான். நல்ல வீரியமானது என்று வேறு சொன்னான். மூன்று நாளில் வலி போய்விட்டது. வலி போனதும், ஆறே ஆறு மாத்திரையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஊரில் எவன் எதைச் சொன்னாலும் நம்பாத மனிதர், தனக்கு வசதியான ஒரு பொய்யை மட்டும் அப்படியே நம்பினார்.

குறித்த நாள் வந்தது. டப்பாவைக் கொடுத்தார். படிவத்தில் ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினார். எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் டாக்டரம்மா குளிர்ப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அதைக் கூடுகளில் அடைக்கிற ஆய்வகம் நாலாவது மாடியில் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி வழக்கம்போலச் சாவிக்காரரிடம்.

“நூத்தி முப்பத்தொண்ணு அண்ணா.”

அவர் எழுந்து கொக்கியிலிருந்து சாவியை எடுத்தார். டாக்டரம்மா குனிந்து நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துக்கொண்டே, “காலைல அவங்க தானா எழுந்து குளிச்சாங்க. ஒரு மாசமா நர்ஸ் ரெண்டு பேர் பிடிச்சுக்கணும். இந்தத் தவணையும் நல்லபடியா முடிஞ்சா அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்” என்றார். நோட்டை மூடிவிட்டுக் கையை நீட்டினார்.

சாவிக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை.

“அண்ணா, சாவி.”

இருபத்திரண்டு வருடமாகக் கையெழுத்து விழுந்த அடுத்த நொடி சாவியைக் கொடுத்த கை அது. எதற்கு என்று ஒரு நாளும் கேட்டது கிடையாது. இப்போது மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. திடீரென்று அவர் நல்லவராகிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுந்து குளித்த அந்தப் பெண்மணியை அவர் நினைத்துப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

“மேடம், அதைக் கொட்டிடுங்க.”

“எதை?”

“பல்லுக்கு மாத்திரை போட்டேன். ஆறு.”

மனைவி கண்ணில் படாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மா மருந்தின் பெயரைப் படித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“படிவத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“இன்னொரு ஆளைப் பரிசோதிச்சுத் தயார் பண்ண ஒரு மாசம் ஆகும் அண்ணா. அவங்க அதுவரைக்கும் ரெண்டு தவணையை வெச்சே ஓட்டணும்.” அதுவரை தணிந்திருந்த குரல் அதற்குமேல் நிற்கவில்லை. “மூஞ்சிக்கு நேரா அவங்களைப் பொய் சொன்னவங்கன்னீங்க. அவங்க பொய் அவங்க வயித்தைத்தான் கெடுத்துச்சு. உங்க பொய்யை இன்னொருத்தர் வயித்துக்குள்ள அனுப்பப் பார்த்தீங்களே.”

 டாக்டரம்மா குளிர்ப்பையோடு திரும்பிப் போனார். சாவி சாவிக்காரரின் கையிலேயே வியர்வையில் நனைந்து கிடந்தது. அவமானம் என்றால் என்னவென்று நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டார். தெரிந்துகொள்ள நல்ல வயதில்லை.

அதற்கு மேல் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது வேகமாகத்தான் நடந்தது. கடைக்காரனின் வீரியமான மாத்திரை சாவிக்காரரின் வயிற்றில் இருந்த நல்லதையெல்லாம் துடைத்துப் போட்டிருந்தது. ஒரு வாரம் கழித்து அவருக்குப் பேதி ஆரம்பித்தது. விமானிக்கு இருந்த அதே கெட்ட கிருமி, அதே மாதிரி மருந்துக்கு அடங்கி மருந்தை நிறுத்தினால் திரும்பும் கள்ளத்தனம். மூன்று வாரத்தில் பதிமூன்று கிலோ போயிற்று. ஊழியர் என்பதால் அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். மச்சான் ஒரு தடவை வந்தான், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டுப் போனான். மனைவி மட்டும் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள், துணியை மாற்றினாள், இந்தத் தடவை “உம்” கூடக் கொட்டவில்லை.

ஒரு நாள் காலை டாக்டரம்மா வந்து கட்டில் ஓரம் நின்றார். சாவிக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொட்டு மருந்துக் குழாயைப் பார்த்தார்.

“மருந்து இனிமே கேக்காது அண்ணா. யாராவது கொடுத்தாத்தான் உண்டு. புதுசா ஆள் தேடிப் பரிசோதிக்க ஒரு மாசம் ஆகும். உங்க உடம்பு ஒரு மாசம் தாங்காது.”

“அப்ப?”

“வாராவாரம் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பரிசோதனை பண்ணி, எல்லாம் சரியா இருக்கற ஆள் இந்தக் கட்டடத்துலயே ஒருத்தர்தான் இருக்காங்க. ரெண்டு தவணையே அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு, அதனால அப்ப வேற ஆள் தேடறதையும் விட்டுட்டோம். நல்லா பிடிச்சுக்கிச்சு. நேத்து எண்ணிப் பார்த்தேன், அவங்க குடல்ல இருக்கறதுல முக்கால்வாசி உங்களோடது. உங்ககிட்ட இப்ப அதுல ஒண்ணுகூட இல்ல. முன்னாடி நீங்க கொடுத்த சாம்பிளெல்லாம் சோதனையிலயே தீர்ந்துபோச்சு. உலகத்துல அது உயிரோட இருக்கற இடம் அந்த அம்மா வயிறு மட்டும்தான்.”

சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “அவங்க ஒத்துக்குவாங்களா?”

“நோயில விழுந்து எழுந்தவங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. டைரக்டர்கிட்டப் போய்ச் சண்டை போட்டு அனுமதி வாங்கினதே அவங்கதான். காலைலயே கொடுத்துட்டாங்க.”

மத்தியானம் கூடுகள் தயாராகி வந்தன. ஒரு சிறிய தட்டில் முப்பது. கொண்டுவந்தது நர்ஸ் இல்லை. விமானியே தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். கழுத்து எலும்பு சதைக்குள் போயிருந்தது, நடையில் பழைய நிமிர்வு கொஞ்சம் வந்திருந்தது. மனைவி எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தாள்.

சாவிக்காரர் காத்திருந்தார். தான் அன்றைக்குக் கேட்ட கேள்வி தன்மேல் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். வரட்டும் என்றுதான் இருந்தார். ஒரு வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லையா என்று அந்த அம்மாள் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு வகையில் சுலபமாகவே இருந்திருக்கும். திட்டுகிறவர்களைத் திருப்பி இளக்காரம் செய்ய அவருக்குத் தெரியும். வாழ்நாள் பூராவும் அதைத்தானே செய்தார்.

விமானி அதைக் கேட்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “எப்படி இருக்கு அண்ணா?” என்றார்.

பழக்கத்தில் உதடு பிதுங்க ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது.

“பயமா இருக்கு மேடம்,” என்றார் சாவிக்காரர். சொன்ன பிறகு அழுகை வந்தது. மனைவி பார்க்கிறாளே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. “செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு. தூக்கமே இல்ல.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு,” என்றார் விமானி.

டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தார். அவர் கை நடுங்கியதால் டம்ளரின் அடியைத் தானும் பிடித்துக்கொண்டார். முதல் கூட்டை எடுத்துக் கொடுத்தார், விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். முப்பதையும் விழுங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை விமானி எழுந்து போகவில்லை.